சாதனங்களின் நினைவக அணுகலும் நிரல் மதிப்பாய்வும்: லினக்ஸ் உட்கருவின் ஐஓஎம்எம்யு இயக்கியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினியோடு இணைந்த வலையமைப்பு அட்டை, சேமிப்பகம், வரைகலை அட்டை முதலிய சாதனங்கள் மையச் செயலியின் உதவியின்றி நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வல்லவை. அவ்வணுகலை வரையறுத்துக் காக்கும் வன்பொருள் அலகு ஐஓஎம்எம்யு எனப்படும். அதனை இயக்கும் நிரல் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் இடம்பெற்றுள்ளது. அந்நிரலில் செய்யப்படும் மாற்றங்களை மதிப்பாய்வு செய்வோர் எவற்றை ஆராய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பக்க அட்டவணை, வன்பொருளின் இடைநினைவகம், நினைவக ஒதுக்கீட்டுப் பதிவு ஆகிய மூன்றும் மாற்றத்திற்குப் பின் எக்கால இடைவெளியில் முரண்படுகின்றன, அவ்விடைவெளியில் சாதனம் என்ன செய்ய இயலும் என்னும் வினாவே இவ்வகை மதிப்பாய்வின் மையம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: லினக்ஸ் உட்கரு, ஐஓஎம்எம்யு, சாதன இயக்கி, பக்க அட்டவணை, நிரல் மதிப்பாய்வு, நினைவகப் பாதுகாப்பு.

முன்னுரை

செயலி, நினைவகம், சாதனங்கள் ஆகியவற்றைப் பயன்பாட்டு நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இயங்குதளத்தின் நடுப்பகுதியே கெர்னல் எனப்படும் உட்கரு. 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் உட்கரு இன்று கைப்பேசி முதல் மீக்கணினி வரை இயங்குகிறது. அதன் ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. ஒவ்வொரு மாற்றமும் பேட்ச் என்னும் சிறு கோப்பாக அனுப்பப்படுகிறது. நீக்கப்படும் வரிகள், சேர்க்கப்படும் வரிகள், மாற்றத்திற்கான காரணம் ஆகியன அதில் இடம்பெறும். பிறர் அதனைப் படித்து ஏற்ற பின்னரே அது மூலநிரலில் சேர்க்கப்படும். இப்படிப்பே நிரல் மதிப்பாய்வு.

பயன்பாட்டு நிரல் ஒன்றில் நேரும் பிழை பெரும்பாலும் அந்நிரலோடு நின்றுவிடும். உட்கருவில் நேரும் பிழை கணினி முழுவதையும் தாக்கும். ஐஓஎம்எம்யு இயக்கியில் நேரும் பிழையோ இவ்விரண்டினும் கடுமையானது. அங்குப் பிழை நிகழும் இடம் ஒன்று. அதன் விளைவு தோன்றும் இடம் வேறு. வலையமைப்பு அட்டைக்காக எழுதப்பட்ட ஒரு வரியின் தவறு, சில மணி நேரத்திற்குப் பின் தொடர்பே இல்லாத ஒரு கோப்பின் சிதைவாக வெளிப்படலாம். வெளிப்படாமலே இருந்து, அயலார் ஒருவர் கடவுச்சொல்லைப் படிப்பதற்கு வழியாகவும் அமையலாம். சோதனையில் எளிதில் சிக்காத இத்தகைய பிழைகளைத் தடுக்கும் இடமாக மதிப்பாய்வு விளங்குகிறது. அம்மதிப்பாய்வு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளோடு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஐஓஎம்எம்யுவின் பணி

சாதனம் ஒன்று செயலியை இடையில் கொள்ளாமல் நினைவகத்தைத் தானே அணுகுவதை டிஎம்ஏ, அதாவது நேரடி நினைவக அணுகல் என்பர். வலையமைப்பு அட்டைக்கு வந்துசேரும் தரவை ஒவ்வொரு பைட்டாகச் செயலியே நகலெடுத்தால் அதன் நேரம் முழுவதும் அப்பணியிலேயே கழிந்துவிடும். எனவே, 'வரும் தரவை இந்த முகவரியில் எழுது' என்று சாதனத்திடம் பணியை ஒப்படைத்துவிட்டுச் செயலி வேறு வேலையைக் கவனிக்கிறது.

இவ்வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. தடுப்பு ஏதும் இல்லாத நிலையில், சாதனம் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மட்டுமன்றி நினைவகத்தின் எப்பகுதியையும் அணுக இயலும். சாதனத்தின் உள்நிரலில் பிழை இருந்தாலோ, சாதனமே தீய நோக்கத்துடன் உருவாக்கப்பட்டிருந்தாலோ இயங்குதளத்தின் பாதுகாப்பு முழுவதும் பயனற்றுப் போகும்.

ஐஓஎம்எம்யு இதற்குத் தீர்வாக அமைகிறது. சாதனத்திற்கும் நினைவகத்திற்கும் இடையில் நிற்கும் இவ்வலகு, சாதனம் தரும் முகவரியை நினைவகத்தின் உண்மை முகவரியாகப் பெயர்க்கிறது. பெயர்ப்புக்கான விதிகள் பக்க அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். நினைவகம் பொதுவாக 4096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. எந்தச் சாதன முகவரி எந்தப் பக்கத்தைக் குறிக்கும், அதில் எழுதலாமா, படிக்க மட்டும் செய்யலாமா என்பவற்றை அட்டவணை சொல்லும். அட்டவணையில் இல்லாத முகவரியைச் சாதனம் கேட்டால் அவ்வேண்டுகோள் மறுக்கப்படும். இன்டெல் நிறுவனம் இதனை விடி-டி என்றும், ஏஎம்டி நிறுவனம் ஏஎம்டி-விஐ என்றும், ஆர்ம் நிறுவனம் எஸ்எம்எம்யு என்றும் பெயரிட்டுள்ளன. மெய்நிகர்க் கணினி ஒன்றிற்குச் சாதனம் ஒன்றை நேரடியாக ஒதுக்கித் தருவதும் இவ்வலகினாலேயே பாதுகாப்பாக இயலுகிறது. மேகக் கணிமையில் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்வதால் அங்கு இதன் பிழையின்மை இன்றியமையாதது.

மூன்று பதிவுகளும் அவற்றின் முரண்பாடும்

ஐஓஎம்எம்யு இயக்கியின் நிரலைப் படிப்பவர் முதலில் உணர வேண்டியது, ஒரே செய்தி மூன்று இடங்களில் பதிவாகியுள்ளது என்பதாகும்.

முதலாவது, நினைவகத்தில் உள்ள பக்க அட்டவணை. இதனை இயக்கி எழுதுகிறது, வன்பொருள் படிக்கிறது. இரண்டாவது, ஐஓடிஎல்பி எனப்படும் இடைநினைவகம். ஒவ்வொரு முறையும் பல நிலைகள் கொண்ட அட்டவணையை முழுமையாகப் படிப்பது காலதாமதத்தை உண்டாக்கும். ஆதலால் வன்பொருள் அண்மையில் செய்த பெயர்ப்புகளைத் தன்னுள் நகலாக வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, உட்கருவின் ஒதுக்கீட்டுப் பதிவு. எந்தப் பக்கம் பயன்பாட்டில் உள்ளது, எது வேறொருவருக்குத் தரத்தக்கதாய் உள்ளது என்பதை அது சொல்லும்.

மூன்றும் ஒத்திருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆனால், இயக்கி அட்டவணையில் ஒரு பதிவை நீக்கிய அந்நொடியிலேயே ஐஓடிஎல்பியில் உள்ள நகல் தானாக மறைந்துவிடாது. 'இந்த நகல் இனிச் செல்லாது' என்று வன்பொருளுக்குக் கட்டளை அனுப்பி, அது நிறைவேறியதை உறுதிசெய்ய வேண்டும். குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியாயிற்று. ஆனால் சாவியைத் திரும்பப் பெறவில்லை. அதற்குள் வீடு வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டது என்னும் நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

எனவே, மதிப்பாய்வாளர் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று வினாக்களோடு அணுகுவது பயன் தரும். இம்மாற்றத்திற்குப் பின் மூன்று பதிவுகளும் எப்போது வேறுபடுகின்றன? அவ்வேறுபாடு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? அந்நேரத்தில் சாதனமோ மற்றொரு செயலியோ எதனைச் செய்ய இயலும்? பின்வரும் பகுதிகள் இவ்வினாக்கள் எழும் முதன்மையான இடங்களை எடுத்துரைக்கின்றன.

நீக்கத்தின் வரிசைமுறை

பிணைப்பு ஒன்றைச் சேர்ப்பதைக் காட்டிலும் நீக்குவதே மதிப்பாய்வில் கூடுதல் கவனத்தை வேண்டுகிறது. பாதுகாப்பான வரிசைமுறை நான்கு படிகளைக் கொண்டது: அட்டவணைப் பதிவை அழித்தல், செல்லாததாக்கும் கட்டளையை அனுப்புதல், அது நிறைவேறும்வரை காத்திருத்தல், அதன்பின் பக்கத்தையும் சாதன முகவரியையும் விடுவித்தல். மூன்றாம் படிக்கு முன்னரே நான்காம் படி நிகழுமாறு ஒரு பேட்ச் வரிகளை இடம் மாற்றினால் நிரல் தொகுக்கப்படும். சோதனைகளிலும் பெரும்பாலும் தேறும். எனினும் அது பிழையான நிரலே.

இவ்வரிசைமுறைக்கு ஒரு விலையும் உண்டு. நொடிக்குப் பல இலட்சம் பொட்டலங்களைக் கையாளும் வலையமைப்பு அட்டை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வன்பொருளின் மறுமொழிக்காகக் காத்திருந்தால் வேகம் வெகுவாகக் குறையும். ஆகவே லினக்ஸ் இரு முறைகளை வழங்குகிறது. கண்டிப்பான முறையில் ஒவ்வொரு நீக்கத்தின்போதும் கட்டளை உடனே அனுப்பப்படும். ஒத்திவைப்பு முறையில் நீக்கங்கள் ஒரு வரிசையில் சேர்த்துவைக்கப்பட்டு, வரிசை நிரம்பும்போதோ குறித்த நேரம் கடந்தபோதோ ஒட்டுமொத்தமாகச் செல்லாததாக்கப்படும். பொது நிரலில் நெடுங்காலம் வழங்கிவரும் மதிப்புகள் செயலி ஒவ்வொன்றுக்கும் 256 பதிவுகள், 10 மில்லிநொடி என்பனவாகும். அதுவரை சாதன முகவரி மட்டுமே மறுபயன்பாட்டிலிருந்து நிறுத்திவைக்கப்படும். உண்மைப் பக்கமோ சாதன இயக்கியின் கைக்கு உடனே திரும்பிவிடும்.

10 மில்லிநொடி மனிதக் கணக்கில் மிகச் சிறிது. நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் அந்நேரத்திற்குள் 12.5 மெகாபைட் தரவு கடக்க இயலும். அஃது ஏறத்தாழ 3000 பக்கங்களுக்குச் சமம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ரைஸ் பல்கலைக்கழகம், எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட தண்டர்கிளாப் ஆய்வு, ஐஓஎம்எம்யு இயக்கப்பட்டிருந்த நிலையிலும் வெளியிலிருந்து செருகப்படும் தீய சாதனம் இயங்குதளத்தைத் தாக்க இயலும் என்பதை மெய்ப்பித்தது. பாதுகாப்பு வன்பொருள் இருப்பது மட்டும் போதாது. இயக்கி அதனைப் பயன்படுத்தும் முறையே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்பதே அவ்வாய்வு உணர்த்திய செய்தி. வெளித்துறை வழியாக இணையும் நம்பத்தகாத சாதனங்களுக்கு லினக்ஸ் கண்டிப்பான முறையையே கையாள்கிறது. ஒரு பக்கத்தின் சிறு பகுதியே சாதனத்திற்குரியதாக இருந்தால், எஞ்சிய பகுதியில் உள்ள பிற தரவு வெளிப்படாதிருக்க இடைத்தாங்கி ஒன்றில் நகலெடுத்தும் தருகிறது.

ஆகவே, 'வேகத்தைக் கூட்டுகிறது' என்னும் காரணத்தோடு வரும் பேட்ச் ஒன்றைப் படிப்பவர், அவ்வேகம் எதனைக் கைவிட்டதால் கிடைத்தது என்று கேட்க வேண்டும். தேவையற்ற வேலை குறைந்ததால் வந்த வேகம் ஏற்கத்தக்கது. காத்திருத்தல் குறைந்ததால் வந்த வேகமாயின், அக்காத்திருத்தல் எதனைக் காத்தது என்பதைப் பேட்ச் எழுதியவர் விளக்கக் கடமைப்பட்டவர்.

செல்லாததாக்கும் எல்லையின் கணக்கு

கட்டளை அனுப்பப்படுவது மட்டும் போதாது. அது நீக்கப்பட்ட பக்கங்கள் அனைத்தையும் உள்ளடக்க வேண்டும். ஒரு கிகாபைட் பரப்பை 4096 பைட் பக்கங்களாகத் தனித்தனியே செல்லாததாக்க 2,62,144 கட்டளைகள் வேண்டும். ஆதலால் ஒரே கட்டளையில் பல பக்கங்களைச் சுட்டும் வசதியை வன்பொருள் தருகிறது. இன்டெல் விடி-டி அமைப்பில் அவ்வெண்ணிக்கை 2, 4, 8, 16 என இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். தொடக்கப் பக்கமும் அவ்வடுக்கின் எல்லையில் அமைய வேண்டும்.

இவ்விரண்டாம் நிபந்தனையே பிழைக்கு இடமளிக்கிறது. 5, 6, 7, 8 ஆகிய நான்கு பக்கங்களை நீக்க வேண்டும் எனக் கொள்வோம். நான்கு பக்கங்கள் என்பதால் நான்கின் தொகுதி போதும் என்று கணக்கிட்டால், வன்பொருள் 5ஆம் பக்கம் அடங்கிய தொகுதியாகிய 4 முதல் 7 வரையுள்ளவற்றையே செல்லாததாக்கும். 8ஆம் பக்கத்தின் பழைய நகல் எஞ்சிவிடும். எல்லைக்குப் பொருந்திய எட்டின் தொகுதியும் உதவாது; ஏனெனில் 0 முதல் 7 வரை ஒரு தொகுதியும், 8 முதல் 15 வரை மற்றொரு தொகுதியுமாகும். ஒரே கட்டளையில் நான்கு பக்கங்களையும் உள்ளடக்கும் மிகச் சிறிய தொகுதி 0 முதல் 15 வரையிலான பதினாறு பக்கங்களே. எல்லைக்குப் பொருந்தாத தொடக்கப் பக்கத்தைக் கருத்தில் கொள்ளாத இத்தகைய கணக்கு லினக்ஸின் இன்டெல் இயக்கியிலும் இருந்து 2022இல் திருத்தப்பட்டது.

மதிப்பாய்வு செய்வோருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. எல்லைக் கணக்கு இடம்பெறும் நிரலைக் கண்ணால் படித்து ஏற்பது போதாது. எல்லைக்குப் பொருந்தாத எண்கள், ஒரே ஒரு பக்கம், முகவரி வெளியின் கடைசிப் பக்கம் ஆகியவற்றை இட்டுத் தாளில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அட்டவணைப் பக்கங்களை விடுவித்தல்

பக்க அட்டவணையும் நினைவகப் பக்கங்களிலேயே எழுதப்படுகிறது. ஒரு பக்கத்தில் எட்டு பைட் அளவுள்ள 512 பதிவுகள் அடங்கும். நான்கு நிலைகள் கொண்ட அட்டவணையில் மேல்நிலைப் பதிவு கீழ்நிலை அட்டவணைப் பக்கத்தைச் சுட்டும். கடைநிலைப் பதிவு தரவுப் பக்கத்தைச் சுட்டும். 512 பக்கங்கள் கொண்ட 2 மெகாபைட் பரப்பு முழுவதும் நீக்கப்படும்போது கடைநிலை அட்டவணைப் பக்கமே வெறுமையாகிறது, அதனை விடுவிக்கலாம்.

ஆனால், வன்பொருள் இறுதிப் பெயர்ப்பை மட்டுமன்றி இடைநிலைச் சுட்டுகளையும் நகலாக வைத்திருக்கக்கூடும். விரைவு கருதிக் கடைநிலை நகல்களை மட்டும் நீக்குமாறு கட்டளையிடும் வசதியை இன்டெல், ஆர்ம் ஆகிய இரு வன்பொருள்களும் தருகின்றன. அட்டவணைப் பக்கம் விடுவிக்கப்படும் இடத்தில் அவ்வசதியைப் பயன்படுத்தினால், வன்பொருள் பழைய இடைநிலைச் சுட்டைப் பின்பற்றி, இப்போது வேறொருவருக்கு உரியதாகிவிட்ட பக்கத்தை அட்டவணையாகக் கருதிப் படிக்கும். அப்பக்கத்தில் எழுதும் வாய்ப்புடைய பயனர், சாதனம் எந்த முகவரியை அணுக வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க இயலும். தரவுப் பக்கம் ஒன்று கசிவது ஓர் இழப்பு. அட்டவணைப் பக்கம் கசிவது காவலையே இழப்பதாகும்.

இதனைத் தவிர்க்க, விடுவிக்க வேண்டிய அட்டவணைப் பக்கங்கள் ஒரு பட்டியலில் திரட்டப்பட்டு, செல்லாததாக்கல் முடிந்த பின்னரே விடுவிக்கப்படுகின்றன. நீக்கங்களைத் திரட்டும் பொது அமைப்பு 2019இல் உட்கருவில் சேர்ந்தது. புதிய பேட்ச் ஒன்று அட்டவணைப் பக்கத்தை நேரடியாக விடுவித்தால், அது இப்பட்டியலைத் தாண்டிச் செல்வது ஏன் என்பது மதிப்பாய்வாளர் எழுப்ப வேண்டிய வினா.

வன்பொருள் படிக்கும் பதிவுகளை மாற்றுதல்

ஆர்ம் நிறுவனத்தின் மூன்றாம் பதிப்பு எஸ்எம்எம்யுவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 64 பைட் அளவுள்ள ஒரு பதிவு உண்டு. அது எட்டுச் சொற்களால் ஆனது. ஒவ்வொரு சொல்லும் 64 பிட் அளவுடையது. அச்சாதனத்துக்குரிய அட்டவணை எது, அது எவ்வடிவினது என்பன அப்பதிவில் இருக்கும். ஒரு சொல் முழுமையாகப் படிக்கப்படும் என்பதற்கு உறுதியுண்டு. எட்டுச் சொற்களும் ஒரே கணத்தில் படிக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. இயக்கி மூன்று சொற்களை மாற்றி முடித்திருக்கும் வேளையில் வன்பொருள் படித்தால், பழையதும் புதியதும் கலந்த, எவரும் எழுதக் கருதாத ஒரு பதிவை அது காணும்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. மாறவேண்டியது வன்பொருள் கருத்தில் கொள்ளும் ஒரே சொல்லாயின், அதனை ஒரே எழுத்தில் மாற்றிவிடலாம். சாதனத்தின் பணி தடைபடாது. பல சொற்கள் மாற வேண்டுமாயின், முதலில் 'இப்பதிவு செல்லும்' என்னும் பிட்டை நீக்கி, வன்பொருள் அதனை உணர்ந்ததை உறுதிசெய்து, எஞ்சியவற்றை எழுதி, இறுதியில் அப்பிட்டை மீண்டும் இட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் சாதனத்தின் வேண்டுகோள்கள் மறுக்கப்படும். எவ்வழி பொருந்தும் என்பதை அழைக்கும் நிரலிடம் விட்டுவிடாமல், பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிட்டு இயக்கியே தீர்மானிக்கும் வகையில் இப்பகுதி 2024இல் மாற்றியமைக்கப்பட்டது. நிரலின் ஒரே இடத்தில் ஒழுங்கை வைப்பது மதிப்பாய்வையும் எளிதாக்குகிறது. இருபது இடங்களில் சரிபார்க்க வேண்டியதை ஓரிடத்தில் சரிபார்த்தால் போதும்.

எழுதும் வரிசையும் வன்பொருள் காணும் வரிசையும்

நிரலில் முதல் வரி முதலில் நிகழும், இரண்டாம் வரி அதன்பின் நிகழும் என்பது படிப்போரின் இயல்பான எதிர்பார்ப்பு. பல செயலிகளில், சிறப்பாக ஆர்ம் வகையில், இது மெய்யன்று. நினைவகத்தில் எழுதப்பட்டவை வேறு வரிசையில் பிறருக்குத் தோன்றலாம். கட்டளையை நினைவகத்தில் உள்ள கட்டளை வரிசையில் எழுதிய பின், 'புதிய கட்டளை உள்ளது' என்று வன்பொருளுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு முந்திச் சென்றால் வன்பொருள் முன்பு அவ்விடத்தில் கிடந்த பழைய எழுத்தைக் கட்டளையாகக் கொள்ளும். இதனைத் தடுக்கவே நினைவகத் தடை என்னும் சிறப்பு ஆணை இரண்டுக்கும் இடையே இடப்படுகிறது. சில பழைய வன்பொருள்களில் அட்டவணையைப் படிக்கும் அலகு செயலியின் இடைநினைவகத்தைக் காண்பதில்லை. அங்கு எழுதியதை நினைவகத்துக்கே தள்ளிவிடும் ஆணையும் தேவை.

தடை ஆணை ஒன்று நீக்கப்படும் பேட்ச், தோற்றத்தில் மிகச் சிறியது. பொருளில் மிகப் பெரியது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 5.4 பதிப்பில், மூன்றாம் பதிப்பு எஸ்எம்எம்யுவின் கட்டளை வரிசை மாற்றியமைக்கப்பட்டது. அதுவரை ஒரு பூட்டினால் காக்கப்பட்ட வரிசையில், பல செயலிகள் ஒரே நேரத்தில் தமக்குரிய இடத்தை ஒதுக்கிக்கொண்டு எழுதும் முறை வந்தது. பல செயலிகள் ஒரே பூட்டுக்காகக் காத்திருந்த நெரிசல் அதனால் குறைந்தது. பூட்டு இருந்தபோது ஒரே வினாவாக இருந்தது, பூட்டு நீங்கியபின் பல வினாக்களாகிறது: இடம் ஒதுக்கியவர் எழுதி முடிக்குமுன் வன்பொருள் அதனைப் படிக்குமா? வரிசை நிரம்பினால் யார் காத்திருப்பர்? சுட்டெண் சுற்றிவந்து தொடக்கத்தை அடையும்போது பழையதும் புதியதும் எவ்வாறு வேறுபடுத்தப்படும்? இவ்வினாக்களுக்கு நிரலோடு சேர்ந்த விளக்கக் குறிப்பு விடை தர வேண்டும். தடை ஆணை ஒவ்வொன்றுக்கும் அது எதனோடு இணைகிறது என்பதைக் குறிப்பாக எழுத வேண்டும் என்று உட்கருச் சமூகம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பிழைப் பாதைகள்

எட்டுப் பக்கங்களைப் பிணைக்கும் பணியில் ஆறாம் பக்கத்தில் நினைவகப் பற்றாக்குறை நேர்ந்தால், முன்னர்ப் பிணைத்த ஐந்தையும் நீக்கிவிட்டே பிழையைத் தெரிவிக்க வேண்டும். அழைத்த இயக்கி, பணி நிறைவேறவில்லை என்று கருதி அப்பக்கங்களை விடுவித்துவிடும். ஆனால் சாதனமோ அவற்றை இன்னும் அணுக இயலும். இயல்பான இயக்கத்தில் இப்பாதை மிக அரிதாகவே நிகழ்வதால் சோதனைகள் இதனைத் தொடுவது குறைவு. மதிப்பாய்வாளர் இடையில் திரும்பும் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே பின்தொடர்ந்து, அதுவரை எடுத்தவை அனைத்தும் எடுத்ததற்கு எதிர் வரிசையில் திருப்பித் தரப்பட்டனவா எனப் பார்க்க வேண்டும்.

பிணைப்புச் செயற்கூறுகள் குறுக்கீடுகளைக் கையாளும் இடங்களிலிருந்தும் அழைக்கப்படலாம். அவ்விடங்களில் நிரல் உறங்கிக் காத்திருக்க இயலாது. புதிதாகச் சேர்க்கப்பட்ட நினைவக ஒதுக்கீடோ பூட்டோ உறக்கத்திற்கு இடமளிக்குமாயின், பேட்ச் எழுதியவரின் கணினியில் இயங்கிய நிரல் வேறொருவரின் கணினியில் உறைந்துபோகும்.

கருவிகளின் எல்லை

உட்கரு மேம்பாட்டில் தானியங்கிக் கருவிகள் பெரிதும் உதவுகின்றன. நடை விதிகளைச் சரிபார்க்கும் நிரல்கள், பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப், விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும் கேசான் ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஆயினும் கேசான், தொகுப்பி சேர்க்கும் சோதனை ஆணைகளால் இயங்குவது. செயலி நிறைவேற்றும் ஆணைகளையே அது காணும். சாதனம் டிஎம்ஏ வழியாக விடுவித்த பக்கத்தில் எழுதினால் அது கேசானின் கண்ணில் படாது. கியூஇஎம்யு போன்ற போலிப்பிகள் விடி-டி, எஸ்எம்எம்யு ஆகியவற்றை ஒத்தியங்கச் செய்கின்றன; எனினும் உண்மை வன்பொருளின் இடைநினைவக நடத்தை முழுவதையும் அவற்றில் எதிர்பார்க்க இயலாது. கருவிகள் முடியும் இவ்விடத்தில் மனிதப் படிப்பு தொடங்குகிறது.

மதிப்பாய்வின் ஒழுங்கும் பொறுப்பும்

ஒரு பேட்ச் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும். பெரிய மாற்றம் தொடர் பேட்ச்களாகப் பிரிக்கப்பட வேண்டும். தொடரின் ஒவ்வொரு படியிலும் உட்கரு தொகுக்கப்பட்டு இயங்க வேண்டும். பிழை ஒன்று பின்னர்த் தெரியவரும்போது, அதனைப் புகுத்திய மாற்றத்தை இருசமக் கூறிடல் முறையில் தேடுவர். பதினாறாயிரம் மாற்றங்களுக்கிடையே பதினான்கு சோதனைகளில் அதனைக் கண்டறியலாம். இடையில் ஒரு படி இயங்காவிட்டால் அத்தேடல் தடைபடும்.

காரணவுரையும் மதிப்பாய்வுக்கு உட்பட்டதே. என்ன மாறியது என்பதை நிரலே சொல்லும். ஏன் மாறியது, மாறாவிட்டால் பயனருக்கு என்ன நேரும் என்பவற்றைக் காரணவுரை சொல்ல வேண்டும். பிழைதிருத்தமாயின் அப்பிழையைப் புகுத்திய பழைய மாற்றத்தின் அடையாளமும் இடம்பெறும். நிலைப்பதிப்புகளைப் பராமரிப்போர் அதனைக் கொண்டே எப்பதிப்புகளுக்குத் திருத்தம் வேண்டும் என்பதை அறிவர். சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், பாடத்தை மாற்றியதற்கான காரணத்தையும் பதிவு செய்வது போன்றதே இந்நடைமுறை.

பேட்சின் இறுதியில் ஒப்பங்கள் இடம்பெறும். நிரலைத் தர உரிமையுண்டு என்று எழுதியவர் உறுதிகூறும் ஒப்பம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. மதிப்பாய்வாளரின் ஒப்பம் வேறு பொருளுடையது. தொழில்நுட்ப நோக்கில் முழுமையாக ஆராய்ந்ததாகவும், கண்ட குறைகளை எழுதியவருக்குத் தெரிவித்ததாகவும், தாம் அறிந்தவரை ஏற்புக்குத் தடையான குறை எஞ்சவில்லை எனவும் அது உறுதி கூறுகிறது. நிரல் எந்நிலையிலும் பிழையின்றி இயங்கும் என்று பிணை கொடுப்பதில்லை. மேலோட்டமாகப் படித்து ஒப்பமிடுதல், அதனை நம்பும் பராமரிப்பாளரையும் அவர்வழிப் பயனரையும் பாதிக்கிறது.

இந்நம்பிக்கையின் எல்லை 2021இல் வெளிப்பட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதிப்பாய்வைக் கடந்து பிழைகள் நுழைய இயலுமா என்பதை அறிய, குறையுள்ள பேட்ச்களை அனுப்பிப் பார்த்தனர். விடுவித்த நினைவகத்தைப் பின்னர்ப் பயன்படுத்தும் வகைப் பிழைகளே அவ்வாய்வின் கருப்பொருள். பராமரிப்பாளர்களின் ஒப்புதலின்றி நடத்தப்பட்டதால் அது கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அப்பல்கலைக்கழகத்திலிருந்து முன்னர் வந்த மாற்றங்களை மீள்பார்வை செய்யும் சுமையும் பராமரிப்பாளர்கள்மீது விழுந்தது. ஆய்வு அறத்தின் நோக்கில் பேசப்படும் இந்நிகழ்வு, மதிப்பாய்வுக்கும் ஒரு பாடம் தருகிறது. எழுதியவரின் நோக்கம் நன்றெனக் கொள்வது பண்பாடு. நிரலின் வரிசைமுறையை மெய்ப்பிக்குமாறு கேட்பது கடமை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

முடிவுரை

ஐஓஎம்எம்யு இயக்கியின் மதிப்பாய்வு, மாற்றப்பட்ட வரிகளைப் படிப்பதோடு முடிவதன்று. நீக்கத்தின் வரிசைமுறை, செல்லாததாக்கும் எல்லை, அட்டவணைப் பக்கங்களின் விடுவிப்பு, பதிவுகளின் மாற்றம், நினைவகத் தடைகள், பிழைப் பாதைகள் ஆகிய ஆறும் ஒரே வினாவின் வெவ்வேறு வடிவங்களே. பக்க அட்டவணையும், வன்பொருளின் நகலும், ஒதுக்கீட்டுப் பதிவும் வேறுபடும் இடைவெளி எது, அவ்விடைவெளியில் யார் நுழைய இயலும் என்பதே அவ்வினா. பேட்ச் எழுதுவோர் இதற்கான விடையைக் காரணவுரையிலேயே தருவாராயின், படிப்போரின் உழைப்பு குறையும். விடை பிழையாயின் அப்பிழையும் எளிதில் வெளிப்படும்.

பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளப் பாடம் பெரும்பாலும் செயலியின் நினைவக மேலாண்மையோடு நின்றுவிடுகிறது. உட்கருவின் மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் எவரும் படிக்கத்தக்கனவாய்த் திறந்துள்ளன. 5 முதல் 8 வரையிலான பக்கங்களின் கணக்கைப் போன்ற மெய்யான திருத்தங்களை வகுப்பறையில் எடுத்துப் படிப்பது, நிரல் எழுதக் கற்பிப்பதோடு நிரலைப் படிக்கவும் கற்பிக்கும். அப்பயிற்சிக்கு வேண்டிய கலைச்சொற்களும் விளக்கங்களும் தமிழில் பெருகுவது இத்துறை ஆய்வாளர்களின் பணியாகும்.